ஒரு மேசை இடத்தில் மூன்று மேசை

கல்யாணம் சொல்ல வருகிறவர்கள் நாலைந்து பேராகத்தான் வருவார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் வழக்கமும் கிடையாது. நாகர்கோவில் பக்கம் முகூர்த்த மாதங்களில் எந்த வீட்டுக்கும் இது நடக்கும். உட்கார வைக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன, உருவிப் போட ஒரு நிமிடம் போதும். அடுத்து சாயா வரும், ஏத்தங்காய் சிப்ஸ் வரும், வீட்டில் இருந்தால் முந்திரிக்கொத்தும் வரும். அவற்றை எங்கே வைப்பது? நடுவில் கிடக்கும் ஒற்றை டீப்பாய் இரண்டு பேருக்கு எட்டும். மற்றவர்கள் சுடுகிற டம்ளரைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே பேச வேண்டியதுதான்.

பழைய நாஞ்சில் நாட்டு வீட்டில் இந்தச் சிக்கல் இல்லை. வந்தவர்கள் தார்சா என்ற முன்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால் தரையே மேசை. இப்போது நாற்காலி வந்துவிட்டது, தார்சாவைக் காணோம், ஹால் மட்டும் மிச்சம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெரிசல் இங்கேதான். அரசு கட்டித் தரும் வீடுகளும் சின்னவையே. பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. அதில் அடுக்களை, படுக்கையறை போக ஹாலுக்குக் கிடைப்பது பத்துக்குப் பத்து என்றால் பெரிய காரியம். சோபா, டி.வி., அலமாரி வைத்த பிறகு மூன்றரை அடிக்கு இரண்டடி டீப்பாய் ஒன்றைப் போட்டால் ஏழு சதுர அடி போய்விடும். யாரும் வராத நாளிலும் அது அங்கேயே கிடந்து முழங்காலை இடிக்கும்.

இந்த இடத்தில்தான் கடைக்காரர்கள் ‘நெஸ்டிங் டேபிள்’ என்று காட்டும் பொருள் வருகிறது. நாழிக்குள் உழக்கு இருப்பதுபோல ஒரு மேசைக்குள் இன்னொன்று, அதற்குள் மூன்றாவது. உருவினால் மூன்று மேசை, தள்ளினால் ஒன்று.

கணக்குப் போட்டால் இதன் லாபம் விளங்கும். வெளி மேசை 55 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நடு மேசை 50-க்கு 38, உள் மேசை 45-க்கு 36. மூன்றையும் விரித்தால் கிடைக்கும் மேல்பரப்பு சுமார் 6.2 சதுர அடி. முன்னே சொன்ன பெரிய டீப்பாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒன்றுக்குள் ஒன்றாகத் தள்ளிவிட்டால் தரையில் பிடிக்கும் இடம் 2.4 சதுர அடி. மேசைக்கு அடியில் சும்மா கிடக்கும் காற்றிடத்தில் இன்னும் இரண்டு மேசையை ஒளித்து வைப்பதுதான் இதன் மொத்த உபாயம்.

உபாயம் புதிதல்ல. இங்கிலாந்தின் தாமஸ் ஷெரட்டன் 1803-இல் வெளியிட்ட தம் தச்சு அகராதியில் நான்கு மேசை கொண்ட இப்படியொரு தொகுப்பைச் சொல்லியிருக்கிறார். அது மரம். இரும்புக் குழாய்க்கு இந்த யோசனை மாறியது ஜெர்மனியில், பௌஹாஸ் கலைப்பள்ளியில். அங்கே இருந்த மார்செல் பிராயருக்கு 1925 வாக்கில் தம் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரைப் பார்த்து, இதே குழாயில் நாற்காலி செய்தால் என்ன என்று தோன்றியது. அந்த வரிசையில் அவர் செய்த முக்காலிகள் டெஸ்ஸாவ் நகரில் பள்ளியின் உணவுக்கூடத்துக்குப் போயின. அதையே நாலு அளவில் செய்தபோது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மேசைகளாகிவிட்டன. பி-9 என்ற பெயரில் தோனட் நிறுவனம் இன்றும் அவற்றை விற்கிறது. அதே பள்ளியின் யோசப் ஆல்பர்ஸ் மரச் சட்டமும் வண்ணக் கண்ணாடியுமாக நாலு மேசைத் தொகுப்பு ஒன்றைச் செய்தார். படம் எடுக்க ஆல்பர்ஸின் மேசை அழகு. புழங்குவதற்குப் பிராயருடையது.

காரணம் கால்களின் தடிமன். உள்ளே போகிற மேசை, வெளி மேசையின் இரண்டு கால்களுக்கும் நடுவே நுழைய வேண்டும். மரக்கால் நாலு செ.மீ. தடிமன் என்றால், உரசாமல் நகர ஒரு செ.மீ. இடைவெளியும் சேர்த்து, ஒவ்வொரு மேசைக்கும் ஒன்பது செ.மீ. அகலம் குறையும். 55 செ.மீ.யில் தொடங்கினால் மூன்றாவது மேசை 37 செ.மீ.க்கு வந்துவிடும். இரண்டு செ.மீ. சதுரக் குழாயில் இழப்பு ஐந்து செ.மீ. மட்டும், மூன்றாவது மேசைக்கு 45 செ.மீ. மிஞ்சும். உயரத்திலும் இதே கதைதான். மரச் சட்டம் ஆறு செ.மீ. கீழே இறங்குவதால் படிக்கு ஏழு செ.மீ. குறைய வேண்டும். இரும்பில் மூன்று போதும். வெளி மேசை 48, நடு மேசை 45, உள் மேசை 42 என்று மூன்றுமே சோபாவில் இருப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும்.

இத்தனை மெல்லிய கால் தாங்குமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். தாங்குவது குழாயின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தால்தான். பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டு செ.மீ. சதுரக் குழாயின் சுவர் 1.2 மி.மீ.; மீட்டருக்கு எடை 700 கிராம். அதே எடையில் கெட்டிச் சதுரக் கம்பி வாங்கினால் ஒரு செ.மீ. தடிமன்கூடத் தேறாது. வளைவை எதிர்ப்பதில் குழாய் அந்தக் கம்பியைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு வலு. ஏனென்றால் ஒரு கம்பி வளையும்போது மேல் விளிம்பு அமுங்குகிறது, கீழ் விளிம்பு இழுபடுகிறது, நடுப்பகுதி அதிகம் வேலை செய்வதில்லை. அந்த நடுவைக் காலியாக்கி இரும்பையெல்லாம் விளிம்புக்குத் தள்ளியதுதான் குழாய்.

ஒரு குறை உண்டு. சாதாரண மேசையில் முன்கால்களைக் கீழே ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைக்கலாம். இதில் முடியாது, உள் மேசை நுழைகிற வாசல் அது. அதனால் பக்கவாட்டில் தள்ளும் விசை முழுவதையும் மேல்மூலை வெல்டிங்தான் தாங்க வேண்டும். அங்கே உள்பக்கம் சின்ன முக்கோணத் தகடு வைத்துப் பற்றவைத்த மேசை ஆடாது. கடையில் மேசையின் ஒரு மூலையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க யாரும் தடை சொல்லப் போவதில்லை.

இதுவரை சொன்னது கோயம்புத்தூருக்கும் பொருந்தும். கன்னியாகுமரிக்கு வேறொரு கதை உண்டு, உப்பு.

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் ஜன்னல் கம்பியும் கேட்டும் என்ன பாடுபடுகின்றன என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய உப்புத் துளிகளைக் காற்று உள்ளே கொண்டுவருகிறது. வெறும் ஈரத்தில் இரும்பு மெதுவாகத்தான் துருவேறும். உப்பு கரைந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துருப்பிடிக்கும் வேதிவினை வேகம் பிடிக்கிறது. போதாக்குறைக்கு உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே நீர்த்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதில் பாதிக்கும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். ஆகவே உப்புப் படிந்த இரும்பு, பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் காய்ந்ததில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டத்தில் இரும்புக்கு ஓய்வு கிடைக்கும் மாதங்கள் கொஞ்சம்தான்.

கடல் தூரத்தில்தானே என்று தோவாளை, பூதப்பாண்டிக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாமா? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் கண்ணேறு கழியட்டும் என்று வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கை கல்லுப்பைப் போட்டு வீடு துடைக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. கடல் வராத வீட்டுக்கு வாளியில் கடலைக் கொண்டுவரும் வேலை இது. அந்தத் தண்ணீர் நேராகப் போய்ச் சேருவது மேசைக் காலின் அடிப்பாகத்துக்கு.

மேசை சாவதும் அங்கிருந்துதான். காலின் அடியில் பிளாஸ்டிக் புஷ் செருகியிருப்பார்கள். துடைப்பத் தண்ணீர் புஷ்ஷுக்கும் குழாய்க்கும் இடையே ஏறி உள்ளே நின்றுவிடும். குழாயின் உட்சுவரில் பெயிண்ட் கிடையாது. பவுடர் கோட்டிங்கில் பொடி மின்னேற்றத்தால் இழுக்கப்பட்டு இரும்பில் ஒட்டுகிறது. பிறகு அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் உருகிப் படலமாகிறது. ஆனால் குழாயின் உட்குழிவுக்குள் அந்த மின்புலம் எட்டாது, பொடியும் போகாது. ஆகவே துரு உள்ளிருந்து தொடங்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு பருமன். அது வீங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும் கோட்டிங்கைக் கொப்புளமாகத் தூக்கும். தரையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் அப்படி ஒரு கொப்புளத்தைக் கண்டால், அதற்குமேல் பெயிண்ட் அடித்துப் பயனில்லை.

வாங்கும்போது மேசையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். காலின் முனை திறந்திருக்கிறதா, தகடு வைத்து மூடிப் பற்றவைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். மூடியது நல்லது. தரையோடு படுத்திருக்கும் சறுக்குச் சட்டம் கொண்ட மேசை இன்னும் நல்லது, அதில் திறந்த முனையே இல்லை. கூர் விளிம்புகளிலும் வெல்டிங் மேட்டிலும் கோட்டிங் மெல்லியதாகவே படியும். கிரைண்டர் போட்டுச் சமன் செய்யாத வெல்டிங் தெரிந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

பட்டறையில் சொல்லிச் செய்பவர்கள் ஜி.ஐ. குழாய் கேட்பதுண்டு. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாய் அது. துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். சின்னக் கீறல் விழுந்தாலும் காவல் தொடரும். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும். அங்கே துத்தநாகம் கலந்த பெயிண்டைப் பூசச் சொல்ல வேண்டும். எரியும்போது எழும் வெள்ளைப் புகை பற்றவைப்பவருக்குக் காய்ச்சல் கொண்டுவரக் கூடியது, மூடிய அறையில் செய்யக் கூடாத வேலை. சாதா இரும்புக்கு ரெட் ஆக்சைடு பூசி எனாமல் அடிப்பது மலிவு. கடற்கரையில் அது சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யும் வேலையாகிவிடும்.

எவர்சில்வர் என்றால் கவலை இல்லை என்பது பாதி உண்மை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பளபள மேசைகளில் பல 202 ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்தது. 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 316-இல் இரண்டு, மூன்று சதவீதம் மாலிப்டினமும் சேரும். உப்பைத் தாங்குவது அதுதான், விலையும் அதற்கேற்பத்தான். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ரகம் என்று சிலர் சோதித்துக் காட்டுவார்கள். 202-இலும் 304-இலும் காந்தம் ஒட்டாது என்பதால் அந்த வித்தை எதையும் நிரூபிக்காது. கடலோர வீட்டில் 304 கூடச் சாயா சிந்தியதுபோலப் பழுப்புக் கறை பிடிக்கும். பெரும்பாலும் அது மேலோட்டமான கறைதான், நல்ல தண்ணீரில் துணி நனைத்து அடிக்கடி துடைத்தால் கட்டுக்குள் நிற்கும். இரும்புக் கம்பி நார் மட்டும் ஆகாது, அதன் துகள் ஒட்டிக்கொண்டு புதுத் துருவுக்கு வித்தாகும்.

மேல்பலகைக்கு என்ன போடுவது என்பதில் எடைதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். வெளி மேசையின் சட்டம் மட்டும் சுமார் மூன்றேகால் கிலோ. 5 மி.மீ. கண்ணாடி போட்டால் இன்னும் இரண்டே முக்கால் கிலோ, 1.2 மி.மீ. இரும்புத் தகடு என்றால் இரண்டு. வீடு கட்டி மிஞ்சிய கிரானைட் கிடக்கிறதே என்று 18 மி.மீ. பலகையைப் போட்டால் பதினோரு கிலோ கூடும். ஒரு கையால் உருவ முடியாத மேசையை யாரும் உருவ மாட்டார்கள். அது பழைய டீப்பாயாகவே நின்றுவிடும், உள்ளே இருப்பவை சிலந்திக்கு வீடாகும். கண்ணாடி என்றால் டஃபண்ட் கண்ணாடிதான். உடைந்தாலும் கத்தியாகாமல் மணி மணியாகச் சிதறும். அதைச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு வெட்ட முடியாது. அளவை முதலிலேயே சரியாகக் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. உள் மேசை சாய்வு நாற்காலியில் இருக்கும் தாத்தாவின் மாத்திரை டப்பாவுக்குப் போகும். நடு மேசை லேப்டாப்புக்கு. டிசம்பரில் வெளி மேசையில் கிறிஸ்துமஸ் குடில் ஏறினால் மற்ற இரண்டும் அச்சு முறுக்குத் தட்டுக்கும் கேக்குக்கும் ஆகும். தரையில் சம்மணமிட்டு எழுதும் பிள்ளைக்கு மட்டும் 42 செ.மீ. உயரம் அதிகம், தோள் தூக்கிக்கொள்ளும். அதற்கு முப்பது செ.மீ. உயரத்தில் தனியாக ஒன்று வேண்டும். நுழைக்கும்போது இரும்போடு இரும்பு உரசிக் கோட்டிங் போகாமலிருக்க, உள் மேசைகளின் காலில் வெளிப்பக்கமாக நைலான் பட்டை ஒட்டுவது நல்லது.

பட்டறையில் கிலோ கணக்கில் விலை பேசுவது வழக்கம். அப்படிப் பேசினால் மேசையின் கனம் கூடத்தான் செய்யும், ஆகவே குழாயின் அளவையும் சுவர்த் தடிமனையும் முதலில் சீட்டில் எழுதிவிடுவது நல்லது. மேலே சொன்ன அளவில் மூன்று மேசைக்கும் சேர்த்துச் சுமார் 13 மீட்டர் குழாய் பிடிக்கும். குழாய் ஆறு மீட்டர் நீளத்தில்தான் வருகிறது. இரண்டு போதாது, மூன்று வாங்க வேண்டும், ஐந்து மீட்டர் மிஞ்சும். 40-க்கு 34 செ.மீ. அளவில், 39 செ.மீ. உயரத்தில் நாலாவது மேசை ஒன்றுக்கு மூன்றே முக்கால் மீட்டர் போதும் என்பதால், துண்டு வெட்டும் வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் போட்டால் ஷெரட்டன் சொன்ன நாலும் அதே குழாயில் தேறிவிடும்.