ஓட்டுப் போடாதவர்களுக்கு வரைந்த படங்கள்

1998 ஜூன் 28 அன்று போர்ச்சுகலில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. பத்து வாரத்துக்குள் கருவைக் கலைப்பதைப் பெண்ணின் விருப்பத்துக்கு விட்டுவிடலாமா என்பது கேள்வி. ‘கூடாது’ தரப்பு மயிரிழையில் ஜெயித்தது. வாக்களித்தவர்களோ மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

லிஸ்பனில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஓவியர் பவுலா ரேகோவால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உடனே பேஸ்டலைக் கையில் எடுத்தார். 1999க்குள் பத்துப் பெரிய படங்கள் தயார். எதற்கும் பெயர் வைக்கவில்லை.

படங்களில் டாக்டர் இல்லை, கரு இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு கட்டில், ஒரு வாளி, ஒரு துண்டு. பள்ளிச் சீருடை கலையாமல் படுத்திருக்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தி மடக்கு நாற்காலிகளின் மேல் கால்களைத் தூக்கி வைத்திருக்கிறாள். மருத்துவமனையில் இருக்கவேண்டிய வசதிக்குப் பதில் இந்த ஏற்பாடு. வலியில் உடம்பு முறுக்கிக்கொண்டாலும் பரிதாபம் கேட்கிற முகம் ஒன்றுகூடக் கிடையாது. சிலர் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். பார்ப்பவர்தான் கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரத்தத்தைக் காட்டியிருந்தால் அருவருத்து நகர்ந்திருப்போம். அந்தச் சௌகரியத்தை ரேகோ நமக்குத் தரவில்லை.

இதெல்லாம் அவருக்குக் கேள்விப்பட்ட கதை அல்ல. லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் படித்த நாட்களில் தானே கருக்கலைப்பு செய்துகொண்டதை வெளிப்படையாகப் பேசியவர் அவர். பின்னாளில் எரிசெய்ரா என்ற மீன்பிடி ஊரில் குடியிருந்தபோது, உதவி கேட்டு வந்த ஏழைப் பெண்களையும் பார்த்திருக்கிறார். காசுள்ளவள் வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போவாள், இல்லாதவளுக்கு வாளிதான். தடைச்சட்டம் எங்கே இருந்தாலும் கதை இதுதான்.

கேலரிக்கு எத்தனை பேர் வருவார்கள்? அதனால் அதே காட்சிகளைச் செப்புத்தகட்டில் செதுக்கிப் பல பிரதிகள் எடுத்தார். பிரசாரம் என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அவருக்கு அதில் வெட்கம் இருந்ததில்லை.

இடையில் போர்ச்சுகலின் மாயா நகரில் 17 பெண்கள் கருக்கலைப்புக் குற்றத்துக்காகக் கூண்டில் நின்றார்கள். 2007 பிப்ரவரி 11 அன்று மறுபடி வாக்கெடுப்பு. அதையொட்டி ரேகோவின் படங்கள் போர்ச்சுகல் பத்திரிகைகளிலும் வந்தன. இம்முறை சுமார் 59 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். வாக்குப்பதிவு அப்போதும் பாதியைத் தொடவில்லை, ஆகவே சட்டப்படி முடிவு யாரையும் கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டம் இயற்றிவிட்டது.