பங்குரிமையும் நிறுவன விற்பனையும்

மஸ்ஜித் இந்தியா வீதியில் இருவர் கூட்டாகத் துணிக்கடை நடத்தினால், ஒருவர் மற்றவரைக் கேளாமல் கடையை விற்றுவிடுதல் அரிது. ஆனால், ஆயிரக்கணக்கானோர் முதலிட்ட நிறுவனம் கைமாறும்போது சிறுபங்கினரின் இசைவு எவ்வாறு பெறப்படுகிறது? இதனை அறிய, விற்பனையின் மூவகையை அறிதல் வேண்டும்.

முதலாவது, நிறுவனத்தின் உடைமையை விற்றல். மலேசியாவின் 2016 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், 223 ஆம் பிரிவின்படி, உடைமையின் பெரும்பகுதியை விற்க இயக்குநர்களின் முடிவு மட்டும் போதாது. பங்குதாரர் கூட்டத்தின் ஒப்புதலும் வேண்டும்.

இரண்டாவது, பங்குகளையே ஒருவர் வாங்குதல். 1982 இல் தோன்றிய மைக்கா நிறுவனத்தில் தோட்டத் தொழிலாளர் உட்படச் சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் முதலிட்டனர். ஒரு வெள்ளிப் பங்குக்கு 2010 இல் கூறப்பட்ட விலை 80 சென். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமையே. எனினும், பங்குச் சந்தையில் இடம்பெறாத நிறுவனமாதலின், மறுத்தவருக்கு வேறு கொள்வார் எளிதிற் கிட்டார். அன்றியும், விலை கூறப்பட்ட பங்குகளில் 90 விழுக்காடு சேர்ந்துவிட்டால், எஞ்சியவற்றைக் கட்டாயமாகப் பெறவும் சட்டம் இடந்தருகிறது.

மூன்றாவது, இணைப்பு. இதற்கு அமெரிக்கச் சூரிய மின் நிறுவனமான சோலார்சிட்டி தக்க சான்று. வீட்டுக் கூரைகளில் தகடு பதிக்க அது முதலில் பெரும்பணம் செலவிட்டது; வருவாயோ 20 ஆண்டு ஒப்பந்தங்கள் வழியே சிறுகச் சிறுக வந்தது. ரப்பர்க் கன்று நட்டவர் பால் வெட்ட ஆறேழு ஆண்டு காத்திருப்பது போன்றதே இது. கடன் நெருக்கும் வேளையில் விற்றால், நட்டவர் ஒருவர், பயன் கொள்பவர் வேறொருவர் என்றாகும்.

2016 ஜூனில் டெஸ்லா நிறுவனம் பங்கொன்றுக்கு 26.50 முதல் 28.50 டாலர் வரை தர முன்வந்தது; இறுதி உடன்பாட்டில் அது ஏறத்தாழ 25.37 டாலராகக் குறைந்தது. விலை குறைவு என்று விற்கும் பக்கத்தார் சிலர் வருந்தினர். தள்ளாடும் நிறுவனத்தைத் தம் பணத்தால் தாங்குவதா என்று வாங்கும் பக்கத்தார் சிலர் வினவினர். இரு நிறுவனங்களுக்கும் ஈலோன் மஸ்க் ஒருவரே தலைவர் என்பது ஐயத்தை வளர்த்தது. நவம்பரில் பங்குதாரர் வாக்களிப்பில் இணைப்பு நிறைவேறியது. டெஸ்லா பங்குதாரர் தொடுத்த வழக்கில், மஸ்க் வேண்டிய அளவுக்கு மேல் தலையிட்டார் எனினும் விலை நேர்மையானதே என டெலவேர் நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. 2023 இல் மேல்முறையீட்டிலும் அது நிலைபெற்றது.

இவற்றால் பெறப்படுவது யாது? விற்பனை அறிவிப்பு வந்தவுடன் பங்குதாரர் மூன்று வினாக்கள் எழுப்புதல் வேண்டும்: விலையை மதிப்பிட்டவர் யார்? விற்போருக்கும் வாங்குவோருக்கும் தொடர்பு உண்டா? ஆராய்ந்து முடிவு செய்யப் போதிய காலம் தரப்பட்டதா? பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுதல் மட்டும் காவலாகாது. கூட்டத்திற்குச் சென்று கேட்பதே காவலாகும்.