மண்புழுவைத் தின்னும் சுத்தியல் தலைப் புழு: வெட்டினால் பெருகும்!

மழைக்காலம் தொடங்கியதும் வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பூந்தமல்லி பகுதிகளில் மாடித் தோட்டமும் மண்புழு உரத் தொட்டியும் வைத்திருப்போர், தொட்டிகளைத் தூக்கி அடிப்பக்கத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. ரிப்பன் போல நீண்டு, வழவழப்பாக, தலை மட்டும் அரைவட்டமாக விரிந்த புழு ஒட்டியிருந்தால், அது அட்டை அல்ல; சுத்தியல் தலைத் தட்டைப்புழு. செடியைக் கடிக்காது. இதன் இரை மண்புழு.

எங்கிருந்து வந்தது?

இதன் அறிவியல் பெயர் பைபாலியம் கெவென்சே. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் குடிலில் கிடைத்ததால் இந்தப் பெயர். பெயரிட்டவர் ஹென்றி மோஸ்லி, ஆண்டு 1878. அதற்கு முன்பே இலங்கையின் நிலத் தட்டைப்புழுக்களை ஆராய்ந்து, அவற்றின் உடற்கூறு பற்றி 1874-ல் விரிவாக எழுதியவர் அவர். இந்தப் புழுவின் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. தொட்டிச் செடிகளின் மண்ணோடு உலகம் முழுவதும் பயணித்துவிட்டது.

உடல் அமைப்பு

மண்புழுவும் அட்டையும் வளையங்கள் கொண்ட புழுக்கள். தட்டைப்புழுவுக்கு வளையம் கிடையாது. ஆடுகளைத் தாக்கும் ஈரல் புழு, நாடாப்புழு ஆகியவற்றின் தொகுதியைச் சேர்ந்தது என்றாலும், இது ஒட்டுண்ணி அல்ல, வேட்டையாடும் புழு. குடல் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இரண்டு என மூன்று கிளைகளாகப் பிரிவதால், டிரைகிளாடிடா என்ற வரிசையில் வைத்துள்ளனர்.

இதற்கு வாய் தலையில் இல்லை. வயிற்றுப் பக்கத்தின் நடுவில் உள்ளது. கழிவும் அதே வழியில்தான் வெளியேறும். மண்புழுவைப் பிசுபிசுப்பான கோழையால் பிடித்துக்கொண்டு, குழல் போன்ற தொண்டையை வெளியே நீட்டி, கரைத்து உறிஞ்சும். பேத்தை மீனில் உள்ள டெட்ரோடோடாக்சின் நஞ்சு இதன் உடலிலும் இருப்பது 2014-ல் தெரியவந்தது.

நுரையீரல், ரத்தக் குழாய் எதுவும் இல்லை. தோல் வழியே மூச்சு விடுவதால் ஈரம் இல்லாவிட்டால் காய்ந்து இறந்துவிடும். வால் நுனியைத் தானே துண்டித்துப் பெருகும். மண்வெட்டியால் வெட்டினாலும் துண்டுகள் தனிப் புழுக்களாகிவிடும்.

என்ன செய்யலாம்?

* வெறும் கையால் தொடாமல், குச்சியால் எடுத்து உப்புக் கரைசலில் போடவும். உப்பை மண்ணில் கொட்ட வேண்டாம்.
* புதிதாக வாங்கிய செடிகளைச் சில வாரங்கள் தனியே வைத்து, தொட்டியின் வடிகால் துளையைச் சோதிக்கவும்.
* மண்புழு உரத் தொட்டியைத் தரையில் படாமல் உயர்த்தி வைக்கவும். சுற்றிலும் ஈரச் சாக்கு, செங்கல், பலகை கிடக்க விடாதீர்கள்.
* புழு தென்பட்ட தொட்டியிலிருந்து உரமோ மண்புழுவோ பிறருக்குக் கொடுக்க வேண்டாம்.

நத்தையை ஒழிக்கத் தட்டைப்புழுவை விடலாமே என்ற எண்ணமும் ஆபத்தானது. ஆப்பிரிக்க ராட்சத நத்தையைக் கட்டுப்படுத்தப் பசிபிக் தீவுகளில் நியூகினி தட்டைப்புழுவை விட்டார்கள். அது உள்ளூர் நத்தை இனங்களையும் தின்று தீர்த்தது. உலகின் மோசமான 100 அயல் உயிரினங்கள் பட்டியலில் இன்று அதற்கும் இடம் உண்டு.

மருந்து தெளித்தால் மண்புழுவும் சேர்ந்து சாகும். இரவில் டார்ச் அடித்துத் தேடி எடுப்பதே மண்புழுவைக் காக்கும் வழி.