புறாமலைக் கடலில் ஓர் அரைநாள்

திருகோணமலையிற் பிறந்து வளர்ந்த எமக்குக் கடல் புதியதன்று. பாடசாலைக்கு வரும் வழியில் நாள்தோறும் அதனைக் காண்கின்றோம்; அதன் மீனை உண்கின்றோம்; அதன் இரைச்சலைக் கேட்டவாறே உறங்குகின்றோம். ஆயினும், “உங்களுள் நீந்தத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள்” என்று விஞ்ஞான ஆசிரியை ஒருநாள் கேட்டபோது, பத்தாந் தரத்தில் முப்பத்திரண்டு பேர் இருந்தும் நான்கு கைகளே உயர்ந்தன. எங்கள் தம்பிமார் பத்து வயதிலேயே தோணிப் பாலத்திலிருந்து குதிக்கின்றார்கள். நாமோ பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்காலை நனைத்துவிட்டு வீடு திரும்புபவர்கள்.

இதற்கு வழக்கம் ஒரு காரணம், அச்சம் மற்றொன்று. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலையை நாம் காணவில்லை. அப்போது நாம் பிறந்திருக்கவில்லை. எங்கள் தாய்மார் கண்டவர்கள். ஆகவே, நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைக்குப் படகிற் சென்று, நீரில் மிதந்து முருகைக்கற்களைப் பார்த்து வருவது என்று அருட்சகோதரி அறிவித்ததும், அனுமதிக் கடிதங்களிற் பல கையொப்பமின்றியே திரும்பி வந்தன. ஒரு தாய் மாத்திரம், “பிள்ளை படகிற் போகலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது” என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். முடிவில் பதினாறு பேர் சென்றோம். சென்று கற்றவற்றைப் பின்வரும் வகுப்பினர்க்குப் பயன்படுமாறு இங்கே எழுதுகின்றோம்.

முதலிற் காலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எமது கிழக்குக் கடல் ஆண்டு முழுவதும் ஒரே முகத்துடன் இருப்பதில்லை. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடைக் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். அலை உயரும், நீர் கலங்கும். மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் வீசுங் காலம். அக்காற்று தரையிலிருந்து கடலை நோக்கிச் செல்வதாற் கரையோரத்தில் அலை தாழ்ந்து, நீர் தெளிந்திருக்கும். ஆனால் அதே கச்சானில் ஓர் ஆபத்தும் உண்டு. காற்றடைத்த ரியூபின் மேற் படுத்து மிதப்பவரை அது ஓசையின்றி வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும். கடல் அமைதியாயிருக்கின்றதே என்று எண்ணித் திரும்பிப் பார்க்கையிற் கரை எட்டாத் தொலைவிற் கிடக்கும். ஆகையாற் பந்தும் ரியூபும் கொண்டுவரக் கூடாதென்று முதலிலேயே கட்டளை பிறந்தது.

பயிற்சி கடலில் தொடங்கவில்லை; விடுதிக் கிணற்றடியில் ஒரு வாளியிலேயே தொடங்கிற்று. ‘ஸ்நோர்க்கல்’ எனப்படும் சுவாசக்குழாயை வாயிற் கௌவிக்கொண்டு, முகத்தை வாளி நீரில் அமிழ்த்தி, அறுபது வரை எண்ணவேண்டும். கேட்பதற்கு எளிது. முகத்தில் நீர் பட்டவுடன் மூச்சை அடக்குவது உடலின் இயல்பு. அதை மீறி, நீருக்குள் முகம் இருக்கும்போதே அமைதியாக மூச்சு விடலாம் என்று உடலுக்குக் கற்பிக்க எங்களுட் சிலருக்கு மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன.

அந்தக் குழாய் ஏன் ஒரு முழத்துக்கும் குறைவாக இருக்கின்றது, ஆறடி நீளக் குழாய் இருந்தால் அடியில் நடந்து திரியலாமே என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். நீருக்குள் ஒரு மீற்றர் ஆழம் சென்றால், உடலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பிலும் ஏறத்தாழ 100 கிராம் எடை மேலதிகமாக அழுத்தும். நெஞ்சின் பரப்பை ஆயிரம் சதுர சென்ரிமீற்றர் என்று கொண்டால் அது 100 கிலோகிராம், அதாவது இரண்டு அரிசி மூட்டைகள்! குழாயின் வழியாக வருவதோ மேலேயுள்ள சாதாரண காற்று. அவ்வெடையைத் தூக்கிக்கொண்டு நெஞ்சு விரிய இயலாது. மேலும், குழாய் நீளமானால் நாம் வெளிவிட்ட அசுத்தக் காற்றே அதனுள் தங்கி, மறுபடியும் எமது சுவாசப்பைக்குள் வரும். ஆகவே இக்கருவி ஆழத்துக்குப் போவதற்கானதன்று. மேற்பரப்பிற் குப்புற மிதந்து கீழே பார்ப்பதற்கானது.

கண்ணாடி முகமூடியின் வேலை வேறு. நீருக்குள் வெறுங் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம், காற்றிலிருந்து கண்ணுக்குள் புகும்போது ஒளி நன்கு வளைவதுபோல நீரிலிருந்து புகும்போது வளையாமையே. கண்ணுக்கு முன்னால் ஒரு காற்றறையை வைத்துவிட்டால் தெளிவு திரும்பிவிடும். ஆனால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கடித் தொலைவிலுள்ளது மூன்றடியில் இருப்பது போலவும் தோன்றும். (மீன் பிடித்து வந்தவர்கள் கையை அகல விரித்து அளவு காட்டுவது இதனால்தானோ என்னவோ!) கண்ணாடியில் ஆவி படியாதிருக்க உட்புறத்தில் எச்சிலைத் தடவி நீரில் அலசவேண்டும். இதை ஆசிரியை செய்து காட்டியபோது நாம் முகஞ் சுளித்தோம். அருட்சகோதரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கடலில் நாங்கள் அனைவரும் மறுபேச்சின்றி அதையே செய்தோம்.

மூன்றாவது பாடம் மிதத்தல். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால் அது கிணற்று நீரிலும் பாரமானது. நெஞ்சில் நிறையக் காற்றுள்ள உடலை அது தாங்கிக்கொள்ளும். அப்படியாயின் மனிதர் ஏன் அமிழ்கின்றனர்? பயத்தில் தலையையும் கைகளையும் நீருக்கு மேலே உயர்த்துவதால்தான். மனிதத் தலை நான்கைந்து கிலோ எடையுள்ளது. அதை நீரிலிருந்து வெளியே தூக்கினால் அந்தப் பாரம் முழுவதும் கால்களைக் கீழே தள்ளும். கெனேசரேத்துக் கடலிற் பேதுரு அமிழத் தொடங்கியதும் பயந்த பின்னர்தானே என்றாள் ஒருத்தி. அவர் நடந்தார், நாம் படுக்கப் போகின்றோம் என்று ஆசிரியை திருத்தினார். முகத்தை நீரில் வைத்து, கழுத்தைத் தளர்த்தி, கால்களை நீட்டிவிட்டால் உடல் தானாகவே பலகைபோற் கிடக்கும். நீந்தத் தெரிந்த நால்வரும் உட்பட எல்லாரும் உயிர்காப்பு அங்கி அணியவேண்டும் என்பதில் விலக்கில்லை.

புறப்பட்ட நாளன்று காலை ஆறு மணிக்குத் திருப்பலியின் பின் பஸ் ஏறினோம். உப்புவெளியைக் கடந்து நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். கரையிலுள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்தில் அனுமதிச் சீட்டுப் பெற்ற பின்னரே படகேற முடியும். தீவு ஒரு கிலோமீற்றர் தொலைவில், கண்ணெதிரே பாறைக் குவியலாகத் தெரிகின்றது. மாடப்புறாக்கள் அங்கே கூடு கட்டுவதால் அதற்கு அப்பெயர். ஆங்கிலேயர் காலத்தில் அது துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்டதாம். 1963 இற் சரணாலயமாகவும், 2003 இல் தேசிய வனமாகவும் ஆக்கப்பட்டது. போர் முடிந்த 2009 இன் பின்னர் வருவோர் தொகை பெருகிற்று. அதனோடு முருகைக்கற்களின் துன்பமும் பெருகிற்று.

படகைச் செலுத்தியவர் முதிய கடற்றொழிலாளி. நாம் அவரை ‘ஐயா’ என்றழைத்தோம். பாரம் சமப்படுமாறு எங்களை இருபுறமும் அமர்த்திவிட்டு, “பிள்ளையள், நான் சொல்லுமட்டும் ஒருதரும் எழும்பக்கூடாது. இறங்கேக்க பக்கத்தால இறங்குங்கோ, பின்னால மிசின் இருக்கு” என்றார். தலை சுற்றியவர்களைத் தொலைவிலுள்ள அடிவானத்தைப் பார்க்கச் சொன்னார். பத்து நிமிடங்களிற் கரை தட்டிற்று. அங்கே காலடியில் மணலிலும் பார்க்க அதிகமாகக் கிடந்தவை உடைந்த முருகைத் துண்டுகளே. வெள்ளை விரல்கள் போல நொறுநொறுத்தன. ஒன்றையேனும் எடுத்துச் செல்லல் சட்டப்படி குற்றம்.

இருவர் இருவராகச் சோடி சேர்ந்து நீரில் இறங்கினோம். நீண்ட கையுள்ள சட்டையும் முழுக்காற்சட்டையும் அணிந்திருந்தோம். நாணத்துக்காக அணிந்தவை வெயிலுக்கும் காப்பாயின. குப்புற மிதப்பவரின் முதுகு ஒரு மணி நேரத்திற் கருகிவிடும். பூச்சுத் தைலங்கள் நீரிற் கரைந்து முருகைக்குக் கேடு செய்யக்கூடுமாதலால் துணியே சிறந்தது.

முகத்தை அமிழ்த்தினோம். முதலிற் கேட்டது எமது மூச்சின் ஓசை. அதன் பின்னர் கறுக்முறுக்கென்று எதையோ கடிக்கும் ஓசை. கிளிமீன்கள் தம் சொண்டினாற் கற்களைச் சுரண்டிக்கொண்டிருந்தன. அவை பாசியை உண்பதற்காகக் கல்லையும் சேர்த்து அரைத்து மணலாகக் கழிக்கின்றன. நாம் மாலையில் உலாவும் வெண்மணலில் ஒரு பங்கு அவற்றின் வயிற்றினூடாக வந்ததாம். மான் கொம்புகள் போலவும், மேசைகள் போலவும், மூளை போலவும் முருகைகள் பரந்து கிடந்தன.

முருகைக்கல் கல்லன்று. சிறிய பூவைப்போன்ற உயிர்கள் பல்லாயிரம் கூடி, கடல் நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துக் கட்டிய வீடு அது. அவ்வுயிர்களின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, சூரிய ஒளியால் உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் பங்கிடுகின்றன. நிறத்தையும் பெரும்பாலும் அவைதாம் கொடுக்கின்றன. கடல் மிகையாகச் சூடேறினால் இக்கூட்டு வாழ்வு குலையும். பாசிகள் வெளியேற முருகை வெளுத்துவிடும். சூடு நீடித்தால் மடியும். 1998 இல் இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் அவ்வாறு பெரும் அழிவு நேர்ந்தது. அப்போது திருகோணமலைப் பகுதி தப்பிற்று. மூளை போன்ற உருண்டை முருகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். எங்கள் உயரத்தில் பாதியுள்ள ஒன்று, எங்கள் பாட்டியிலும் மூத்தது.

இதையெல்லாம் நாம் அறிந்திருந்தோம். அறிந்திருந்தும் தவறு செய்தோம்.

எங்களுள் ஒருத்தியின் குழாய்க்குள் அலையொன்று நீரை ஊற்றிற்று. உடனே ‘தூ’ என்று பலமாக ஊதினால் நீர் வெளியேறிவிடும். வாளியில் நூறு தடவை செய்ததுதான். ஆனால் அவள் குழாயைத் துப்பிவிட்டு, தலையை உயர்த்தி, கால்களை ஊன்றிவிட்டாள். அவளைப் பிடிக்கச் சென்ற சோடியும் ஊன்றினாள். “காலை ஊன்றாதேயுங்கோ! படுங்கோ, படுங்கோ!” என்று படகிலிருந்து ஐயா கூவியது எல்லாருக்கும் கேட்டது. அதற்குள் மான்கொம்பு முருகையின் இரு கிளைகள் முறிந்து கீழே கிடந்தன. அவளது பாதத்திலும் நீண்ட கீறல். முருகைக் கீறல் சிறிதெனினும் எளிதில் ஆறாது. நுண்ணிய துகள்கள் உள்ளே தங்குமாதலால், நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, துகள் இல்லாமற் செய்து, மருந்திட வேண்டும். அருட்சகோதரி கையோடு கொண்டுவந்த குடிநீரில் மூன்று போத்தல் அதற்கே செலவாயிற்று. அவள் அழுதது வலிக்காக அன்று. “அது எத்தனை வருசம் வளர்ந்தது, சிஸ்ரர்?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். இக்கட்டுரையில் இதை எழுதவேண்டும் என்று வற்புறுத்தியவளும் அவளே.

அப்போதுதான் ஒன்று எமக்கு விளங்கிற்று. வாளிப் பயிற்சி எங்கள் உயிரைக் காப்பதற்கு மாத்திரம் என்று எண்ணியிருந்தோம். மிதக்கத் தெரியாதவர் காலை ஊன்றுகிறார். ஊன்றிய கால் அடியிலுள்ளதை மிதிக்கின்றது. அன்று தீவுக்கு வந்திருந்த வேறு சிலர், இடுப்பளவு நீரில் முருகைகளின் மேலேயே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் குறைகூற எங்களுக்கு அன்று வாயில்லை.

அரை மணி ஓய்வின் பின் தீவின் மறுபக்கம் சென்றோம். அங்கே கருஞ்செட்டைச் சுறாக்கள் வரும் என்றதும் சிலர் பின்வாங்கினர். செட்டை நுனி மையில் தோய்த்தாற் போலக் கறுத்திருக்கும் இச்சுறா ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் வரை வளரும், கூச்ச சுபாவமுள்ளது, துரத்தாமலும் உணவு போடாமலும் இருந்தால் விலகிச் சென்றுவிடும். நாம் கண்டவை இரண்டு. எங்களைக் கண்டதும் அவையே முதலில் ஓடின. நீருக்குள் சிரித்தால் முகமூடிக்குள் தண்ணீர் புகும் என்பதையும் அப்போது கற்றோம். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டியிட முனைந்த இருவரை ஆசிரியை கடுமையாகக் கண்டித்தார். வேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு அடக்கினால், மூச்சு முட்டும் உணர்வு வருமுன்னரே மயக்கம் வந்துவிடும்; நன்கு நீந்துவோரே இவ்வாறு இறக்கின்றனர்.

நீரில் இறங்கக் கூடாதென்று தாயார் எழுதியிருந்த மாணவி, சொற்படியே கரையில் இருந்தாள். சும்மா இருக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரிலுள்ள தலைகளை எண்ணி அருட்சகோதரியிடம் சொல்லும் பொறுப்பு அவளுடையது. பதினைந்து, பதினைந்து என்று அவள் கூறிக்கொண்டேயிருந்த குரல், நீரிலிருந்த எமக்குப் பெருந் துணையாயிருந்தது. பன்னிரண்டு மணிக்கு, வெயில் ஏறுமுன் படகேறிவிட்டோம்.

அவளை அழைத்துப்போகப் பாடசாலை வாயிலில் அவளது தாயார் காத்து நின்றார். காய்ந்த உடையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, பாதத்திற் கட்டுடன் இறங்கியவளை அருகழைத்து, என்ன நடந்தது, தண்ணீர் எவ்வளவு ஆழம், படகு எங்கே நின்றது, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் மகளைக் கூட்டிச் சென்றார்.

அடுத்த தவணையிற் புதிய வகுப்புக்கு வாளிப் பயிற்சி தொடங்கியபோது, இரண்டாஞ் சனிக்கிழமை அந்தத் தாயும் மகளும் கிணற்றடிக்கு வந்தனர். மகள் அறுபது வரை எண்ணி முடித்துத் தலை நிமிர்ந்ததும், தாயார் அந்தக் குழாயை வாங்கி, நன்றாகக் கழுவி, தாமும் ஒருமுறை முகத்தை அமிழ்த்திப் பார்த்தார். பன்னிரண்டு வரை எண்ணினோம்.