படிவத்தில் உங்க மாவட்டமே இல்லையா? சிக்கல் இங்கதான்

2022 ஏப்ரல் 4. ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆகின. ஆன்லைன் படிவத்தில் மாவட்டப் பெயர்களைக் கோடுக்குள்ளேயே டைப் செய்து வைத்திருந்தால்? புது மாவட்டக்காரருக்குத் தேர்வு செய்ய ஒன்றுமே இருக்காது.

அதனால பட்டியலை டேட்டாபேஸில் வைங்க. மாநிலத்தைத் தேர்ந்ததும், அதற்குரிய மாவட்டங்களை மட்டும் டிராப்டவுன் எடுத்துக்கொள்ளட்டும். வேலை விண்ணப்பம், ஸ்காலர்ஷிப் என எல்லாப் படிவத்துக்கும் இதே பட்டியல்தான். திருத்துவது ஒரே இடத்தில்.

பலர் கோட்டை விடுவது சேமிக்கும்போதுதான். பெயரைச் சேமிக்காதீங்க, குறியீட்டைச் சேமிங்க. பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனிக் குறியீடு தருகிறது.

பட்டியல் சுருங்கவும் செய்யும். 2024 டிசம்பரில் ராஜஸ்தான் 9 மாவட்டங்களைக் கலைத்தது. அவற்றை அழிச்சிடாதீங்க, புது விண்ணப்பங்களில் மறைச்சா போதும். பழைய விண்ணப்பங்களுக்கு அந்தப் பெயர் இன்னும் தேவை.