சோம்பிக்கும் வைத்தியம் உண்டு

மைன்கிராஃப்ட் வீடியோ கேமில் மாய மருந்து காய்ச்சுவது ஒரு தனிக் கலை. பொறுமை இல்லாதவர்களுக்கு அது கைவராது.

பனிப் பிரதேசத்தில் தனியாக ஒரு பனிக்கட்டிக் குடில். உள்ளே ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, தரையில் கம்பளம். பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். ஆனால் கம்பளத்தைப் பெயர்த்துப் பார்த்தவர்களுக்கு, அதிர்ஷ்டம் இருந்தால், அடியில் ஒரு கதவும் கீழே இறங்க ஓர் ஏணியும் கிடைக்கும். இறங்கினால் நிலவறை. இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு கைதிகள்: ஒருவன் சாதாரணக் கிராமவாசி, இன்னொருவன் சோம்பியாக மாறிவிட்ட கிராமவாசி. எதிரே மருந்து காய்ச்சும் கருவி. அதில் ஒரே ஒரு குப்பி மருந்து. பக்கத்துப் பெட்டியில் ஒரு தங்க ஆப்பிள்.

விளக்கம் எதுவும் எழுதப்பட்டிருக்காது. ஆனால் வேண்டியதெல்லாம் அந்த அறையிலேயே இருக்கிறது. குப்பியைச் சோம்பியின் மீது வீசி உடைத்து, தங்க ஆப்பிளைக் கொடுத்தால் அவன் நடுங்கத் தொடங்குவான். 3 முதல் 5 நிமிடங்களில் மறுபடி மனிதனாகிவிடுவான். எதிரில் வருவதையெல்லாம் வாளால் வெட்டிப் பழகிய ஒரு விளையாட்டில், வெட்டாமலும் ஒரு வழி இருக்கிறது என்று சொல்லும் இடம் இது.

மைன்கிராஃப்டைத் தெரியாத வீடுகள் இன்று குறைவு. ஸ்வீடன்காரர் மார்க்கஸ் பெர்சன் 2009இல் தொடங்கியது. எல்லாமே சதுரக் கட்டிகளால் ஆன ஓர் உலகம். இன்ன காரியத்தை முடித்தால்தான் அடுத்த கட்டம் என்ற கட்டாயம் கிடையாது. வீடு கட்டலாம், சுரங்கம் தோண்டலாம், கரும்பு பயிரிடலாம், சும்மாவும் திரியலாம். 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஸ்டாக்ஹோமில் உள்ள மோஜாங் கம்பெனியை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 அக்டோபரில், விற்ற பிரதிகள் 30 கோடியைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். மருந்து காய்ச்சுவது 2011 நவம்பர் 18 அன்று முதல் முழுப் பதிப்பு வெளியானபோது அதனுடன் வந்தது.

காய்ச்சுவதற்கு முன் கருவி வேண்டும். மூன்று கருங்கல் துண்டுகள், ஒரு பிளேஸ் கோல், அவ்வளவுதான். கல் காலடியில் கிடக்கிறது. கோலுக்குத்தான் பாடு. அப்சிடியன் என்ற கரும்பாறையால் வாசல் கட்டி, அதற்குத் தீ மூட்டி, அதன் வழியாக நெதர் என்ற பாதாள லோகத்துக்குப் போக வேண்டும். அங்கே தண்ணீர் ஊற்றினால் நிற்காது, ஆவியாகிவிடும். தூங்கலாம் என்று படுக்கை விரித்தால் வெடிக்கும். எங்கே பார்த்தாலும் நெருப்புக் குழம்பு. அங்குள்ள கோட்டையைத் தேடிப் பிடித்து, மூன்று மூன்றாக நெருப்புப் பந்துகளை வீசும் பிளேஸ் என்ற பிராணியைக் கொன்றால்தான் கோல் கிடைக்கும்; அதுவும் ஒவ்வொரு முறையும் கிடைக்காது.

இதில் ஒரு வேடிக்கை. நெருப்பு சுடாமல் காக்கும் மருந்தும் இருக்கிறது. குடித்தால் நெருப்புக் குழம்பிலேயே நீந்தலாம். பிளேஸுடன் சண்டை போடப் போகிறவனுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் பிளேஸைக் கொன்று கோல் கொண்டுவந்தால்தான் அந்த மருந்தைக் காய்ச்சவே முடியும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. 2020இல் வந்த பதிப்பு இதற்கு ஒரு குறுக்கு வழியைத் திறந்தது. நெதரில் வாழும் பன்றிமுக மனிதர்களிடம் தங்கக் கட்டிகளைக் கொடுத்தால் கைக்கு வந்ததைப் பண்டமாற்றாகத் தருகிறார்கள். சில சமயம் அது நெருப்பு மருந்தாகவும் இருக்கும். ஆனால் என்ன தருவார்கள் என்பது அவர்கள் இஷ்டம்.

கருவி வந்துவிட்டால் அப்புறம் எல்லாம் வரிசைக் கிரமம்தான். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று குப்பிகள். எரிபொருள், அதே கோலை அரைத்த பிளேஸ் தூள். 2016க்கு முன் எரிபொருளே தேவைப்படவில்லை. ஒரு சிட்டிகை 20 தடவை காய்ச்ச வரும், அதாவது 60 குப்பிகள். ஒவ்வொரு சரக்கும் இறங்க 20 விநாடி.

முதலில் போட வேண்டியது நெதர் கோட்டைகளில் செக்கச்செவேலென்று முளைத்திருக்கும் ஒரு பூஞ்சை. நெதர் வார்ட் என்று பெயர். ஆன்ம மணல் என்று ஒரு மண் இருக்கிறது, அதில்தான் வளரும். அந்த மண்ணையும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்தால் வீட்டிலேயே பயிரிடலாம், தண்ணீர்கூட வேண்டாம். இதைப் போட்டுக் காய்ச்சினால் கிடைக்கும் மருந்துக்கு எந்தக் குணமும் கிடையாது. குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் அதுதான் அடிப்படை. அதில் சர்க்கரை போட்டால் ஓட்டம் வேகமாகும். ஊதுமீன் போட்டால் தண்ணீருக்கடியில் மூச்சு விடலாம். தங்கக் காரட் போட்டால் இருட்டில் கண் தெரியும். தங்கம் பதித்த தர்ப்பூசணித் துண்டு காயத்தை ஆற்றும். முயல் கால் உயரத் தாவ வைக்கும். பூஞ்சையை மறந்துவிட்டு வெறும் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டினால் சர்க்கரை வீண். கிடைப்பது உபயோகமில்லாத வெற்றுத் தண்ணீர். முதல்முறை காய்ச்சுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குவார்கள் என்று தோன்றுகிறது.

சரக்குகளில் சில ரகங்களை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். 2018இல் வந்த ஒரு மருந்து, உயரத்திலிருந்து விழுந்தாலும் இறகுபோல மெல்ல இறக்கிவிடும். அதற்கு வேண்டியது ஃபேன்டம் என்ற பறக்கும் பிசாசின் தோல். அது தேடி வருவது மூன்று இரவுக்கு மேல் தூங்காதவர்களை மட்டும். ஆகவே மருந்து வேண்டுமென்றால் கண்விழிக்க வேண்டும். அதே ஆண்டில் வந்த இன்னொன்று ஆமை ஓட்டைப் போட்டுக் காய்ச்சுவது. குடித்தால் ஆமையைப் போலவே நடை தளரும், உடம்பு கெட்டிப்படும். அந்த ஓட்டுக்கு ஆமையைக் கொன்றால் பயனில்லை. முட்டை பொரிந்து, குஞ்சுகள் வளர்ந்து பெரிதாகும்போது உதிர்க்கும் செதில்கள்தான் வேண்டும். ஐந்து செதில் சேர்ந்தால் ஓர் ஓடு. அதுவரை கடற்கரையில் முட்டையைச் சோம்பிகள் மிதித்துவிடாமல் காவல் காக்க வேண்டும்.

மருந்து தயாரான பிறகுதான் உண்மையான கணக்கு ஆரம்பிக்கிறது. ரெட்ஸ்டோன் தூள் சேர்த்தால் மருந்தின் காலம் நீளும். 3 நிமிட ஓட்டம் 8 நிமிடமாகும். குளோஸ்டோன் தூள் சேர்த்தால் வேகம் கூடும், ஆனால் காலம் ஒன்றரை நிமிடமாகச் சுருங்கும். இரண்டையும் ஒரே குப்பியில் சேர்க்க முடியாது. நீளமா, வீரியமா என்று முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். தீர்மானித்த பிறகு மாற்ற முடியாது. வெடிமருந்து போட்டால் குடிக்கும் மருந்து வீசும் மருந்தாகிவிடும். டிராகனின் மூச்சைக் குப்பியில் பிடித்து அதனுடன் சேர்த்தால் விழுந்த இடத்தில் மேகம்போலத் தங்கி நிற்கும். அந்த ரகத்தை எட்டு அம்புகளுடன் சேர்த்தால் அம்பு முனைகளில் மருந்து ஏறும்.

எல்லாவற்றையும் தலைகீழாக்கும் சரக்கு ஒன்று உண்டு. சிலந்தியின் கண்ணைச் சர்க்கரையோடும் பழுப்புக் காளானோடும் சேர்த்துப் புளிக்க வைத்தது. இது சேர்ந்தால் காயம் ஆற்றும் மருந்து காயப்படுத்தும் மருந்தாகிவிடும். வேக மருந்து நடையைத் தளர்த்தும். இருட்டில் கண் தெரியச் செய்யும் மருந்து, குடித்தவனையே மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். (கவசத்தைக் கழற்றாமல் குடித்தால் வெறும் கவசம் மட்டும் நடந்து போவது தெரியும்.) சோம்பிகளிடமும் எலும்புக்கூடுகளிடமும் நியாயமே வேறு. செத்துப் பிழைத்தவை என்பதால், நமக்கு நல்ல மருந்து அவற்றுக்கு விஷம். நம்மைக் கொல்லும் மருந்தில் அவை தெம்பாகிவிடும். நல்லது என்றும் கெட்டது என்றும் மருந்தில் இல்லை, வாங்கிக்கொள்ளும் உடம்பில்தான் இருக்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு வாளி பால் போதும். நல்லது கெட்டது பாராமல் எல்லா வேகத்தையும் முறித்துவிடும்.

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பெயர்ப் பட்டியல் ஒரு சோதனை. கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்பின் மொழிகளில் தமிழும் இருக்கிறது. தமிழாக்கியவர்கள் தன்னார்வலர்கள். பூஞ்சை மட்டும் போட்ட அந்தக் குணமற்ற மருந்துக்கு ஆங்கிலத்தில் ஆக்வர்ட் என்று பெயர். அசட்டுத்தனமான, ஒட்டாத, சங்கடமான என்றெல்லாம் அகராதி சொல்லும். எதைப் போட்டாலும் ஒரு பாட்டிலின் மேல் ஒட்டாது. பக்குவம் ஆகாத மருந்து என்றுதான் நான் போடுவேன். காய்ச்சுவது என்ற சொல் மட்டும் சுலபமாக வாய்த்திருக்கிறது. ஆங்கிலச் சொல் பீரையும் தேயிலையையும் நினைவூட்டும். நம் சொல்லில் கஷாயமும் இருக்கிறது, பாலும் இருக்கிறது, சாராயமும் இருக்கிறது.

இவ்வளவும் விளையாடுகிறவர்களுக்கு எப்படித் தெரிகிறது? விளையாட்டு சொல்லித் தருவதில்லை. மேஜை, கோடரி போன்றவற்றைச் செய்ய 2017இல் ஒரு குறிப்புப் புத்தகத்தை விளையாட்டுக்குள்ளேயே வைத்தார்கள். மருந்து அதில் இடம்பெறவில்லை. 2011இல் முதலில் ஆடியவர்கள் ஒவ்வொரு சரக்காகப் போட்டுப் பார்த்து, வீணாக்கி, கண்டுபிடித்ததை மற்றவர்களுக்குச் சொன்னார்கள். இன்று அந்த அவஸ்தை தேவையில்லை. முழுப் பட்டியலும் ஒரே பக்கத்தில் கிடைக்கிறது. மனப்பாடம் செய்யும் சிறுவர்களும் இருக்கிறார்கள். நஷ்டம்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் பட்டியல் கையில் இருப்பதால் பிளேஸின் நெருப்பு குறைந்துவிடாது. வெளவால்போல இறங்கும் ஃபேன்டமும் விட்டுவிடாது. பெயரைத் தெரிந்துகொள்வது வேறு, சரக்கைக் கொண்டுவருவது வேறு. எல்லா மருந்துகளின் பலனும் ஒரே நேரத்தில் உடம்பில் இருக்க வேண்டும் என்று ஜாவா பதிப்பில் ஒரு சவால் இருக்கிறது. பட்டியல் வைத்துக்கொண்டும் அதை முடிக்க முடியாமல் தவிக்கிறவர்கள் பலர். முதல் மருந்தின் நேரம் முடிவதற்குள் கடைசி மருந்தைக் குடித்தாக வேண்டும்.

மறுபடியும் அந்தக் கைதிக்கு வருவோம். சோம்பியைக் குணப்படுத்தும் வசதி 2012 அக்டோபரில் வந்தது. வீச வேண்டியது பலவீனப்படுத்தும் மருந்து. பூஞ்சையே தேவைப்படாத மருந்து இது ஒன்றுதான் என்று சொல்லலாம். வெறும் தண்ணீரில் புளித்த கண்ணைப் போட்டாலே போதும். தங்க ஆப்பிளுக்கு எட்டுத் தங்கக் கட்டிகள் செலவாகும். குணமாகும் வரை வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டால் எரிந்துவிடுவான். டில்லியில் என் அக்கா மகனுக்கு 12 வயது. அவனுடன் உட்கார்ந்து ஒரு நாள் ஆடியபோது, பழக்கதோஷத்தில் ஒரு சோம்பியை அடிக்கப் போனேன். ‘மாமா, அதை அடிக்காதீங்க. மூக்கைப் பாருங்க, அது மனுஷன்’ என்று தடுத்தான். சாதாரணச் சோம்பிக்கும் கிராமத்துச் சோம்பிக்கும் முகம் வேறு என்பதை அவன் சொல்லித்தான் கவனித்தேன்.

2019இல் இந்த வைத்தியத்துக்குக் கூலி ஏற்பட்டது. குணமடைந்த கிராமவாசி நன்றியோடு சாமான்களை மலிவு விலையில் தரத் தொடங்கினான். பிறகு நடந்ததை யாரும் யூகிக்கலாம். ஒரு தடவை குணப்படுத்தினால் ஒரு தள்ளுபடி என்றால், நாலு தடவை குணப்படுத்தினால்? கிராமவாசிகளை வரிசையாகக் கூண்டில் அடைத்து, வேண்டுமென்றே ஒரு சோம்பியைவிட்டுக் கடிக்கவைத்து, மருந்து வீசி, ஆப்பிள் கொடுத்து, மறுபடி கடிக்கவைத்து... விலை ஒரே ஒரு மரகதத்துக்கு இறங்கும்வரை இது தொடர்ந்தது. கஷ்டமான ஆட்டத்தில் கடிபட்ட கிராமவாசி நிச்சயம் சோம்பியாவான். நடுத்தர ஆட்டத்தில் பாதிக்குப் பாதி செத்தே போவான். ஆகவே வியாபாரம் தெரிந்தவர்கள் ஆட்டத்தைக் கஷ்டத்துக்கு மாற்றிவைத்துவிட்டுக் கடிக்கவிட்டார்கள். எப்படிச் செய்வது என்று வீடியோ எடுத்துப் போட்டார்கள்.

நான் இதை அக்கா மகனிடம் கேட்டபோது அவன் வெட்கப்படவில்லை. அவனிடமும் அப்படி ஒரு கூண்டு இருந்திருக்கிறது. புத்தகம் விற்கிற கிராமவாசி ஒருவனை மட்டும் மூன்று தடவை குணப்படுத்தியிருக்கிறான்.

2023 செப்டம்பரில் வந்த 1.20.2 பதிப்பில் மோஜாங் கைவைத்தது. ஒரு கிராமவாசியைக் குணப்படுத்தினால் பெரிய தள்ளுபடி முதல் தடவைக்கு மட்டும்தான். அதன் பிறகு எத்தனை முறை கடிக்கவைத்துக் குணப்படுத்தினாலும் விலை மேலும் இறங்காது. ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். உழைத்துக் கட்டிய கூண்டுகள் வீணாயின என்பது அவர்கள் வாதம். 2024 ஜூனில் அடுத்த பெரிய பதிப்பு வந்தது. அதில் நான்கு புது மருந்துகள். ஒன்று, குடித்தவன் செத்துப் போனால் அவனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னும். இன்னொன்று சாகும்போது வழுவழுப்பான ஸ்லைம் பிராணிகளை வெளியேவிடும். எல்லாம் சண்டைக்கானவை. வைத்தியத்துக்கு இன்னமும் பழைய பலவீன மருந்தும் தங்க ஆப்பிளும்தான். கூண்டைப் பிரித்துவிட்ட அக்கா மகன், அந்த மருந்தில் இரண்டு குப்பியை மட்டும் பையில் வைத்திருக்கிறான். வழியில் யாராவது அகப்பட்டால் உதவும் என்கிறான்.