உப்புத்தாளின் வேலை

மரக் கரண்டியோ பொம்மையோ உருவம் பெற்றதும், அதற்கு அழகு தருவது இனி வார்னிஷின் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உப்புத்தாளைப் பேருக்கு நாலு இழுப்பு இழுத்துவிட்டு டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். ஆனால் பூச்சு கீறலை மறைக்காது, காட்டிக்கொடுக்கும். தேய்த்த மரம் காய்ந்திருக்கும்போது மேலே படிந்த தூளும் நுண்ணிய நார்களும் ஒளியைச் சிதறடிப்பதால் பரப்பு வெளிறி, சீராக இருப்பதுபோல் தெரியும். எண்ணெய் பட்டதும் அந்தச் சிதறல் குறைந்து மரத்தின் நிறம் ஆழமாகிறது. சாயமும் கீறல்களில் கூடுதலாகத் தங்கிக் கருங்கோடு விழுகிறது. பூசுமுன் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

தாளின் பின்புறம் அச்சிட்ட எண் கூடக் கூட, அதில் ஒட்டிய துகள் சிறுக்கும். 80ஆம் எண் தாளில் துகள் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர், 120இல் 0.125, 240இல் 0.06கூட இல்லை. முந்தைய தாள் விட்ட பள்ளத்தின் அடிவரை மரத்தை எடுப்பதுதான் ஒவ்வொரு தாளுக்கும் வேலை. 80க்குப் பின் நேராக 240ஐ எடுத்தால் மேடுகளின் முனை மட்டும் மழுங்கும். தடவினால் வழவழப்பாக இருக்கும், பள்ளமோ அப்படியே கிடக்கும். இத்தனை தாள் மாற்றுவது நேர விரயம் என்பார்கள். உண்மையில் 120உம் 180உம் விரைவில் தீர்க்கிற பள்ளத்தோடு 240 நெடுநேரம் போராட வேண்டும், விரயம் அங்கேதான். அப்படியானால் 1000, 2000 என்று போய்க்கொண்டே இருக்கலாமா? பெரும்பாலும் வேண்டாம். தேக்கின் துளைகளே கண்ணுக்குத் தெரியுமளவு பெரியவை. மேலும், அளவுக்கு மீறி மெருகேறிய பரப்பு சாயத்தைக் குறைவாகவே உறிஞ்சும்.

கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகளைக் காட்டி இதை மறுக்கலாம். வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் பரவுகிறது. தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். மரத்தின் நிறமே தெரியாதபோது அடியில் தேய்ப்பு எதற்கு? அரக்கு நிறத்தை மறைக்கும், மேடுபள்ளத்தை மறைக்காது. பளபளப்பு கூடக் கூட, அதில் பிரதிபலிக்கும் ஒளிக்கோடு ஒவ்வொரு வரம்பிலும் நெளியும். நிறமற்ற பூச்சானால் இன்னொரு சிக்கலும் உண்டு. சுழலும் மரத்தில் தாள் இழை ஓட்டத்துக்குக் குறுக்கே கீறுகிறது. அந்தக் கீறல்தான் கண்ணில் அதிகம் படும். அதனால் ஒவ்வொரு தாளின் முடிவிலும் எந்திரத்தை நிறுத்தி, இழை ஓடும் திசையிலேயே கையால் தேய்ப்பது நல்லது.

ஈரம் படும் கரண்டிக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம். தேய்ப்பில் படுத்துவிட்ட நார்கள் தண்ணீர் பட்டதும் எழுந்து சொரசொரக்கும். எண்ணெய் பூசுமுன் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, எழுந்த நார்களைக் கடைசித் தாளால் மென்மையாக எடுத்துவிட வேண்டும். அழுத்தித் தேய்த்தால் அடியிலிருந்து புது நார்கள் வெளிப்பட்டு, அடுத்த ஈரத்தில் மறுபடி எழும்.